பிதாவுக்கு வசனம் இல்லாத இடம்

முதல் அடி விழுந்த சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

துணிச் சாட்டைக்கு இந்தச் சத்தம் வராது.

மேடைக்குப் பின்னால், ஓலைத் தட்டிக்குள், மைக்கைப் பிடித்தபடி சந்தியாகு எழுந்து நின்றார். யேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் இந்தக் கடற்கரை ஊரின் பாஸ்கா நாடகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிதாவாகிய சர்வேசுரன் அவர்தான். முகம் கிடையாது, வேஷம் கிடையாது. வெறும் குரல்.

யோர்தான் ஆற்றில் ஒரு முறை, மலைமேல் ஒரு முறை, இவன் என் மகன் என்று வானத்திலிருந்து சொல்லவேண்டும். அத்தோடு சரி. மகனைத் தூணில் கட்டி அடிக்கும்போது பிதாவுக்கு வசனம் இல்லை. அது ஏன் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டு, காதைத் திருகக் கொடுத்தவர் சந்தியாகு.

இந்த வருடம் யேசு வேஷம் அவருடைய மகன் இஞ்ஞாசிக்கு.

தட்டி இடுக்கில் கண்ணை வைத்தார்.

பெரிய வெள்ளி, மதியம் மூன்று மணி வெயில். மகனின் முதுகு பிளந்திருந்தது. சேவகன் வேஷம் கட்டிய கயித்தானின் கையில் நைலான் கயிறு. நுனியில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள்.

சாயம் தோய்த்த துணிச் சாட்டை மேடை ஓரத்தில் தொடாமல் கிடந்தது.

"கயித்தான் மாமா இப்பிடி நடிப்பாருன்னு எவன் கண்டான்!" என்றான் ரேடியோ செட்காரன்.

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வருடா வருடம் அழுவதுதான். வருடா வருடம் சிவப்பு வழிவதுதான். யாருக்குச் சந்தேகம் வரும்?

மூன்று. நான்கு.

ஈயம் விலாவில் பதிந்து சதையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. இஞ்ஞாசியின் முழங்கால் மடங்கியது. வாய் திறக்கவில்லை, பாவிப் பயல்.

கயித்தான் அவன் முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"எம்புள்ளய அறுத்துவிட்ட கை எதுலே? காட்டுலே!"

நாடகத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது.

இஞ்ஞாசி, கட்டிய கட்டுக்குள்ளேயே வலது கையை விரித்துக் காட்டினான்.

அப்போதுதான் சந்தியாகுவுக்கு விளங்கியது.

யேசு வேஷம் கட்டுகிறவன் பெரிய வியாழனன்று, மனத்தாங்கல் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரவேண்டும். ஊர் வழக்கம் அது. நேற்றுச் சாயங்காலம் மகன் கயித்தான் வீட்டுப் படி ஏறியதைச் சந்தியாகு பார்த்தார். பெயருக்குக் கையைப் பிடித்துவிட்டு வருவான் என்றுதான் நினைத்தார். மடையன்! அப்பன் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கடலில் மூன்று பேர். சந்தியாகு, இஞ்ஞாசி, கயித்தானின் ஒரே பிள்ளை பெனோ. விசைப்படகு ஒன்று அவர்கள் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. பெனோவின் கால் வலைக்குள். வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் மொண்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மூன்று பேருமே இல்லை.

கத்தியை எடுத்து வலைக்கயிற்றை அறுத்தவர் சந்தியாகு. வலை போனது. வலையோடு பெனோவும் போனான்.

சொந்த மகனையே பிறருக்காகக் கையளித்தார் பிதா என்று கேட்டு வளர்ந்த ஆள்தான். அது சர்வேசுரனால் முடியும். பெற்ற அப்பனுக்கு அந்த நேரத்தில் தன் பிள்ளையைத் தவிர எவன் பிள்ளை கண்ணுக்குத் தெரியும்?

அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரில் சொன்னதும் அவர்தான். சாவு விசாரிக்கப் போன துட்டி வீட்டில் கயித்தானைக் கட்டிப்பிடித்துக் கதறியதும் அவர்தான். அந்த அழுகையில் பொய்யில்லை.

ஐந்து. ஆறு.

வாயைத் திறந்தால் ஊர் காறித் துப்பும். கயித்தான் கொன்றே போடுவார். திறக்காவிட்டால் பிள்ளை தூணிலேயே செத்துவிடுவான்.

ஏழாவது அடிக்குக் கை ஓங்கியது.

சந்தியாகு மைக்கின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

"கயித்தான், நிப்பாட்டு! அவன் எம்புள்ள. அறுத்தது அவன் இல்ல. நான்."

நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் அது ஊரெல்லாம் கேட்டது. முன்வரிசைப் பெண்கள் சிலர் வானத்தைப் பார்த்து முழங்காலில் விழுந்தார்கள்.

கயித்தான் வானத்தைப் பார்க்கவில்லை. நேராக ஓலைத் தட்டியை நோக்கி நடந்தார். ஈயக் குண்டுகள் பலகையில் உருண்டு பின்னால் வந்தன.

சந்தியாகு தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சட்டையைக் கழற்றி எறிந்தார்.

முதல் அடி தோளில் இறங்கிக் காதைக் கிழித்தது. இரண்டாவது வாயில் விழுந்தது. மண்டியிட்டார். மூன்றாவதற்குக் கயிறு உயர்ந்தது.

"யப்பா!"

அத்தனை அடிக்கும் மூச்சு விடாதவன் தூணிலிருந்து அலறினான்.

"யப்பா! யப்பா!"

கயித்தான் திரும்பித் தூணைப் பார்த்தார். ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது.

பிறகு, பக்கத்து வள்ளத்துக்காரனிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"எம்புள்ளயும் இப்பிடித்தான் கூப்பிட்டானாவே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாகச் சொல்லாத பொய்யா?

சந்தியாகு வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினார்.

ஆமாம் என்று தலையாட்டினார்.