நாடாவில் விழுந்த கேலி

“ஸுமானா திராவோரே, அதாவது நான், இருக்கேன். பாடினவ, என் தம்பி மக ஜெனெபா, இருக்கா. அதோ, காராமணி தின்னி பிரெஹிமா ஜாரா இருக்கான். பாரிஸ்லேர்ந்து வந்த தயாரிப்பாளர் ஒலிவியே இருக்காரு. நாலு பேர் முன்னால நடந்ததா இருக்கட்டும். இப்ப அந்த அஞ்சாவது பாட்டைப் போடுங்க.”

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான ஸுமானா தன் வீட்டு முற்றத்தில், நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒலிவியே கொடுத்த அச்சுத்தாள்.

“யாருடா காராமணி தின்னி? உங்க வீட்டுப் பானையைப் போய்ப் பாரு!” என்றார் பிரெஹிமா, தேநீரை உறிஞ்சியபடி. எப்போதும் பதிலுக்கு வைகிற ஸுமானா இன்று வையவில்லை.

ஒலிநாடா ஓடியது. இதே முற்றத்தில், அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டி வைத்துப் பதிவு செய்த பாட்டு. ஜெனெபாவின் குரல் மேலே ஏறி, மூச்சு வாங்க நின்ற அந்த இடைவெளியில், கூட்டத்திலிருந்து ஓர் ஆண்குரல் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூவியது. “எங்க வீட்டு அடிமைங்கதானேடா நீங்க! காராமணி தின்னிங்களா!” முற்றமே கொல்லென்று சிரித்தது. சிரிப்பை அடக்க முடியாமலே ஜெனெபா அடுத்த வரியைப் பிடித்தாள்.

பிரெஹிமா இப்போதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“இதை எடுத்துடுங்க” என்றார் ஸுமானா.

“பெரியப்பா!”

“ஐயா, அந்தச் சிரிப்புதான் இந்த ஆல்பத்துக்கே உயிர்” என்றார் ஒலிவியே. “அங்க கேக்கிறவங்களுக்கு அது ஸ்டுடியோல செஞ்ச சரக்கு இல்லைன்னு புரியும்.”

“சிரிப்பு புரியும். இது?” ஸுமானா தாளை நீட்டினார். ஆல்பத்தோடு வரப்போகும் சிறு புத்தகம். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் இருந்தது. குடும்பப் பெயர் இருந்தது. பக்கத்திலேயே ‘அடிமை’ என்ற அந்தச் சொல்லும் இருந்தது.

திராவோரேக்களும் ஜாராக்களும் பரம்பரைக் கேலி உறவுக்காரர்கள். சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் காராமணி தின்னி என்றும் அடிமை என்றும் வைதுகொள்ளலாம். கோபிக்கக் கூடாது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதை மற்றவர் மறுக்கவும் கூடாது. இந்தப் பாமகோ நகரத்தில் அது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

“அடிக்குறிப்பு போட்டுடலாம்” என்றாள் ஜெனெபா அவசரமாக. “இது கேலி உறவுன்னு.”

“சிரிப்புக்கு அடிக்குறிப்பா? நம்ம ஆளுங்களைக் கடல் தாண்டி ஏத்திட்டுப் போன ஊருங்க அதெல்லாம். அவங்க காதுல அடிமைங்கிறது விளையாட்டா விழுமா? நாளைக்கே பாரிஸ்ல படிக்கிற பிள்ளையைப் பக்கத்துப் பையன் கேப்பான், நீங்க அடிமைக் குடும்பமாமேன்னு. பிள்ளை என்ன சொல்லும்?”

“அந்தக் குரலை மட்டும் வெட்ட முடியாதா?” என்று ஜெனெபா ஒலிவியேயைப் பார்த்தாள்.

“தாள்லேர்ந்து மட்டும் எடுக்கக் கம்பெனி விடாது, எல்லா வார்த்தையும் அச்சாகணும். பாட்டுலயும் எல்லாம் ஒரே நாடாவில விழுந்திருக்கு. வெட்டினா அந்தச் சிரிப்புல பிடிச்ச உன் வரியும் போகும். மறுபடி பதிவு செய்யலாம்னா, கோரா யாழ் வாசிச்சவர் அபிஜான் ஊருக்குப் போயிட்டாரு. எனக்குச் சாயங்காலம் விமானம். இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கம்பெனி ஒத்துக்கிச்சு. இது இல்லாம வெளியிடுவாங்களான்னு...” அவர் தோளைக் குலுக்கினார்.

ஜெனெபாவின் கண் கலங்கியது. “பதினோரு வருஷம் கல்யாண வீடு கல்யாண வீடாப் பாடியிருக்கேன் பெரியப்பா. எனக்கு இது ஒண்ணுதான் கதவு.”

அது அவருக்குத் தெரியாதா? முதல் மேடைக்கு அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனவரே அவர்தான். ஆனாலும் அவர் முதுகு வளையவில்லை.

பிரெஹிமா கோப்பையை வைத்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “டேய் ஸுமானா. விளையாட்டாச் சொன்னது விளையாட்டாவே போகட்டும். பொண்ணு வாழ்க்கை இது. ஜாரா கேக்கிறேன், திராவோரே மறுக்கக் கூடாது. பாட்டு அப்படியே இருக்கட்டும், விட்டுடு.”

ஸுமானா தாளை இரண்டாக மடித்தார்.

“எழுபது வயசுல முதல் தடவையா மறுக்கிறேன்” என்றார் ஸுமானா. “ஒரு வீட்டோட பேர் இது, பிரெஹிமா. நம்ம முற்றத்துக்குள்ள எவ்வளவு வேணா அடிச்சுக்கலாம். அந்நியன் அதை அச்சடிச்சு அலமாரில வைக்க விடமாட்டேன். பேர் போச்சுன்னா பின்னாலயே ஓடிப்போய்ப் பிடிக்க முடியுமா?”

ஜெனெபா தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் பெரியப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒலிவியே பக்கம் திரும்பினாள்.

“எடுத்துடுங்க” என்றாள்.

ஆல்பம் மீதி எட்டுப் பாட்டோடு, ஒரு வருடம் தாமதமாகத்தான் வெளிவந்தது. அங்கே அதிகம் பேர் கேட்கவில்லை.

ஜாரா ஒருவன் திராவோரே குடும்பத்தை அடிமை என்று கூவியதைத் தாங்க முடியாமல், திமிர் பிடித்த ஸுமானா தம்பி மகளின் பாட்டையே கொன்றார் என்று பாமகோவில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. கூவியது ஸுமானாதான், தாளில் அச்சாகியிருந்த பெயர் ஜாரா.