நாற்பத்தொன்றுக்கு ஒன்று

கணினித் திரையில் இருந்த யாரோ ஒரு அம்மாவின் படத்தைச் சுற்றி மாலை வரைந்துகொண்டே, சஜீவன் கைபேசியை எட்டிப் பார்த்தான்.

நாற்பத்தொன்றுக்கு ஒன்று.

நேற்றும் அதேதான். அந்த ஒரு வாக்கு தொண்டையில் நின்ற மீன்முள்ளாக அவனை உறுத்தியது.

கிளிநொச்சியில் அவனுடைய அச்சகத்தில் கலியாண அட்டையும் அடிப்பார்கள், பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீட்டுப் பதாகையும் அடிப்பார்கள். சோறு போடுவது என்னவோ மரண அறிவித்தல்தான். உயிர் மட்டும் 'விண்வாசல்' மேல். இருபத்துநான்கு வருடமாக ஓடுகிற ஆங்கில விண்வெளித் தொடர் அது. அதற்கென்றே அவன் தொடங்கி, அட்மினாக நடத்துகிற வாட்ஸப் குழுவில் அவனோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர். அக்கராயனிலிருந்து முல்லைத்தீவு வரை சிதறிக் கிடக்கிற அந்தப் பைத்தியங்களில் பாதிப்பேரை அவன் நேரில் கண்டதேயில்லை.

இரண்டு கிழமையாகக் குழுவில் ஒரே சண்டை.

பதினோராவது சீசன் முடிவில், காயப்பட்டவர்களைத் தூக்கி வருகிறேன் என்று விண்வாசலுக்குள் நுழைந்த கப்டன் ஓரன் திரும்பவில்லை. பன்னிரண்டாவது சீசனை எழுத வந்த புதியவர்கள் முதல் காட்சியிலேயே வெறும் பெட்டியை வைத்து அவருக்குச் செத்தவீடு செய்து முடித்துவிட்டார்கள்.

தொடரையே நாசமாக்கிப் போட்டார்கள் என்று முதலில் பாதிப்பேர் துள்ளினார்கள். சஜீவன் விடுகிற ஆளா? உடம்பைக் காட்டாவிட்டாலும் செத்தது செத்ததுதான், கதை நகர வேண்டும் என்று மூச்சுவிடாமல் எழுதினான். கப்டன் செத்தாரா, இல்லையா என்று அவன் குழுவில் வைத்த வாக்கெடுப்பில், துள்ளியவர்கள் ஒவ்வொருவராக அவன் பக்கம் வந்தார்கள்.

பிரேமிளா என்றொருத்தி மட்டும் அசையவில்லை.

உடம்பைக் கண்டவர் யார், காணாமல் எப்படி ஒருவரைச் செத்தவர் என்று எழுதுவீர்கள் என்று அவள் திருப்பித் திருப்பி அதையே கேட்டாள். அவளுடைய முகப்புப் படத்திலும் விண்கலம்தான் இருந்தது, ஆளைத் தெரியாது. சஜீவன் அவளுக்குக் 'காத்திருப்போர் சங்கத் தலைவி' என்று பட்டம் வைத்தான். பிறகு குழுவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது.

நேற்றுப் பின்னேரத்தோடு அவள் எழுதுவது நின்றுபோனது.

தலைவி ஓடிவிட்டாள் என்று எல்லோரும் கும்மாளம் போட்டார்கள். சஜீவனுக்கு அது போதவில்லை. கடையில் வழமையாகப் பாவிக்கிற அமைப்பிலேயே கப்டனுக்கு ஒரு மரண அறிவித்தல் செய்தான். குத்துவிளக்கு, மாலை, தோற்றம், மறைவு எல்லாம் வைத்து, அடியில் 'தகவல்: பிரேமிளா' என்றும் கடையின் பெயரையும் போட்டு அனுப்பினான். சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன.

அதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை, வாக்கை மாற்றவுமில்லை. திமிர் பிடித்தவள் என்று சஜீவன் நினைத்தான்.

கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

காலையில் தர்மபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, தங்கச்சி நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் என்று விபரம் எழுதிய கொப்பித்தாளைக் கொடுத்திருந்தார். தங்கச்சியின் மகள் வந்து சரிபார்ப்பாள் என்றும் சொல்லியிருந்தார். இவள்தான் மகள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

இப்படிப்பட்ட முகங்களைத் தினமும் காண்கிறவன் சஜீவன். கதிரையைக் காட்டிவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"பேர் எல்லாம் சரியோ எண்டு வடிவாப் பாருங்கோ அக்கா. அடிச்சால் பிறகு மாத்தேலாது."

அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். 'திருமதி பத்மாசனி, காலஞ்சென்ற பரமேஸ்வரனின் அன்பு மனைவியும்' என்ற இடத்தில் அவளுடைய விரல் நின்றது.

பெரியவரின் தாளில் 'காலஞ்சென்ற' இருக்கவில்லை. அது சஜீவன் போட்டது. கணவர் இருந்தால் தகவல் அவருடைய பெயரில்தான் வரும். தாளில் பெயர்கூட இல்லாமல் 'தகவல்: மகள்' என்றுதான் இருந்தது. பெரியவர் மறந்துபோனார் என்று நினைத்து, கை தன்பாட்டில் அடித்த சொல்.

"பதினாறு வருசமா அம்மா இந்தச் சொல்லை ஒரு படிவத்திலயும் எழுத விடேல்லை," என்றாள் அவள். "நேற்றும் பொட்டோடதான் கண்ணை மூடினவா. சண்டை முடிஞ்ச அண்டைக்கு அப்பாவை ஆமிக்காரர் பஸ்சில ஏத்தினதைத்தான் நாங்கள் கண்டனாங்கள். பிறகு ஆளையும் காணேல்லை, உடம்பையும் காணேல்லை."

சஜீவன் அவசரமாக அந்தச் சொல்லை அழிக்கப் போனான்.

"விடுங்கோ அட்மின்," என்றாள். "உடம்பைக் காட்டாட்டிலும் செத்தது செத்ததுதானே."

அவள் குரல் உயரவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்து, பெரியவரின் தாளில் பரமேஸ்வரன் என்ற பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தன் கையாலேயே எழுதினாள். கீழே 'சரி' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

சஜீவன் கதிரையை விட்டு எழும்பினான். அவள் அதற்கு நிற்கவில்லை. படியில் இறங்கியவள் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துத் திரையில் ஒருமுறை தட்டினாள். பிறகு வெயிலுக்குள் நடந்து போய்விட்டாள்.

மேசையில் சஜீவனின் கைபேசி அதிர்ந்தது.

நாற்பத்திரண்டுக்குப் பூச்சியம்.

தலைவியும் விழுந்துவிட்டாள், அட்மின் வென்றுவிட்டார் என்று யாரோ எழுதினார்கள். குழுவில் எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள்.