ஆவி பறக்கும் கோப்பை

தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து வயது நிறைந்ததென்று அதன் வரலாற்றைப் பழைய துண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பல வருடம் நடத்திய மருமகள் சிவகாமசுந்தரி பக்கத்தில் நிற்க, ஆவுடையப்பர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து பார்த்தார். நிகழ்ச்சிக்காகக் கடைக்காரர் இரவல் கொடுத்த புடவையில் சிந்திவிடக் கூடாதென்று, காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு குடிப்பதுபோல் நடிப்போம் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். ஆனால் திரையில் அவள் கோப்பையில் மட்டும் ஆவி பறந்தது. ஊதி ஊதி, ருசித்துக் குடித்தாள்.

"ஒனக்கு மட்டும் யாரும்மா காப்பி போட்டது?"

"ஸ்டூடியோல குடுப்பாங்க மாமா."

"பக்கத்துல இருக்கறவன் வெறுங்கோப்பையத்தானே உறிஞ்சுதான்?"

"அவருக்குச் சர்க்கரை மாமா" என்று சிரித்தாள்.

அடுத்த துண்டில் வேறு வருடம், வேறு புடவை, அதே ஆவி. இம்முறை அவள் கேமராவுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்துக் கோப்பையைச் சற்றே உயர்த்தினாள். அப்படியொரு பார்வையை அவர் இந்த வீட்டில் கண்டதில்லை.

மாடியிலிருந்து மகன் இறங்கி வந்தான். "என்னப்பா ஓடுது?"

ஆவுடையப்பர் ரிமோட்டை அழுத்தித் திரையை அணைத்தார்.

"ஒண்ணுமில்ல. ஏதோ விளம்பரம்."

இல்லை, என் நிகழ்ச்சிதான் என்று மருமகள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.