தாய் எலும்பு

2022 நவம்பர் 19, சனிக்கிழமை காலை, நரிக்குடிக்கு அருகே ஒரு கண்மாய் மடையில் ஆண் உடல் ஒன்று ஒதுங்கியது. முகம் அழிந்திருந்தது. கட்டம் போட்ட சட்டையைப் பார்த்து, அது தன் மகன் பூமிநாதன்தான் என்று வீரபாண்டி அடையாளம் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து, ஒரு தை அமாவாசை மதியம், பூமிநாதனுக்கு அவன் தங்கை மாரீஸ்வரி எலும்பு போட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப் திரையில், எலும்பு போட்டால்தான் அசையும் சாம்பல் நிற உருவம் ஒன்று கைகளை விரித்து நின்றது. அதற்கும் முகம் இல்லை.

அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு அனிமேஷன் சொல்லித்தரும் முகம்மது அனீஸ், தன் கணினியில் அதே திரையைப் பார்த்தபடி போனில் பேசினார். மதுரைக் கம்பெனி ஒன்று வேலைக்குத் தேர்வு வைத்திருந்தது. முகம் இல்லாமலே ஆளை அடையாளம் சொல்லும்படி ஒரு நடை வேண்டும் என்றார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நடை ஒன்றுதான்.

"என்னம்மா இது, பாதத்துல இருந்து எலும்பு போட்டுக்கிட்டு வர்ற?"

"எங்க ஊர்ல சாம்பல்ல எலும்பு பொறுக்குறப்ப கால்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, சார். அந்த நெனப்புல போட்டுட்டேன்."

"அது எடுக்குறதுக்கு. இது போடுறதுக்கு. அழிச்சிட்டு இடுப்புல இருந்து வா. இடுப்பெலும்புதான் தாய். தொடை, முழங்காலு, பாதமெல்லாம் பிள்ளைக. தாய் நகந்தா பிள்ளைக கூடவே வந்திரும்."

"ஒரு பிள்ளைய மட்டும் கழட்டி விட்டா?"

"அது எங்க கெடக்குன்னு தாய்க்குத் தெரியாது."

அவள் அழித்துவிட்டு இடுப்பிலிருந்து தொடங்கினாள். வலது முழங்காலுக்கு வந்ததும், பாதிக்கு மேல் மடங்காதபடி பூட்டினாள்.

"அதை ஏம்மா பூட்டுற? காலு வெளங்காத ஆளை அனுப்புனா கம்பெனிக்காரன் சிரிப்பான்."

"இவுகளுக்கு அப்படித்தான் சார். டிராக்டர்ல இருந்து விழுந்து, தொடையில தகடு வச்சிருந்தாங்க."

யார் என்று அனீஸ் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அம்மா முத்துத்தாய் வருவதற்குள் முடித்தாக வேண்டும். இது அவள் கண்ணில் படவே கூடாது. அப்பாவோடு வாய்த்தகராறு ஆகிப் பஸ் ஏறிப் போன மகனை, முத்துத்தாய் ஒரு வருடம் தேடினாள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று பெரியாஸ்பத்திரி ஒவ்வொன்றின் பிணவறை வாசலிலும் போட்டோவோடு நின்றாள். சோறு இறங்காமல் குச்சியாகிப் போனவள், மகனை எரித்த அன்றைக்குத்தான் படுத்துத் தூங்கினாள். இப்போது அமாவாசைதோறும் திருச்சுழிக் கோயிலில் அவனுக்கு மோட்ச விளக்கு ஏற்றிவிட்டு வருகிறாள். வந்ததும் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மாரீஸ்வரி ஓடவிட்டாள். உருவம் நடந்தது. வலது கால் சற்றுத் தாமதித்துத் தரையைத் தொட, தோள் அந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். ஆட்டுக்குக் கொண்டுபோன தவிட்டு வாளியை நழுவவிட்டு, வீரபாண்டி நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார்.

"பூமி..."

"படம்தான்ப்பா. பயப்படாதீக."

அவர் கிட்டே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையிடமே சொன்னார்: "இன்னுஞ் சாயணும். செருப்பு ஒரு பக்கந்தான் தேயும் அவனுக்கு."

அவள் திருத்தினாள். நடை இன்னும் நெருங்கி வந்தது. முன்பெல்லாம் புழுதிக்காட்டுக்கு அந்தப்புறம் அவன் வரும்போதே இந்த நடையை அடையாளம் கண்டு வீட்டில் உலை வைப்பார்கள்.

"முழங்காலு மட்டும் இன்னும் சரியா வரலப்பா. தகடு எந்த எடத்துல இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும். முழங்காலுக்கு எம்புட்டு மேல?"

வீரபாண்டியின் பார்வை திரையை விட்டு வாசலுக்குப் போனது.

"நீங்க ஒருத்தர்தான சாம்பல்ல எறங்கி எல்லாத்தையும் பொறுக்குனீக. தகடு எரிஞ்சிருக்காதுல்ல? கையில எடுத்திருப்பீகளே, எம்புட்டு நீளம் இருந்துச்சு?"

உருவம் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

வாசலில் முத்துத்தாயின் குரல் கேட்டது. "ஏ மாரி, குடிக்கத் தண்ணி கொண்டா. பஸ்ஸுல ஒரே கூட்டம். அண்ணனுக்கு வெளக்கு நின்னு எரிஞ்சுச்சுடி இன்னைக்கு."

அதுவரை அந்த லேப்டாப்பைத் தொட்டே இராத வீரபாண்டி, தவிடு ஒட்டிய கையால் அதை அழுத்தி மூடினார். மகளின் காதருகே குனிந்தார்.

"அவகிட்ட மட்டும் இதக் கேட்டுறாத. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லாட்டி, தேடித் தேடியே செத்திருப்பா."

"எப்படிச் சொல்லாட்டி?"

"சாம்பல்ல தகடு இல்ல, தாயி."