ஈரப் பலகை

இரண்டு மணி நேரமாக அந்தப் பலகை மேசைமேல் கிடக்கிறது. தச்சர் ஈரத்துணியால் மறுபடியும் துடைக்கிறார். மரத்தின் ரேகைகள் காற்றுபட்ட குளத்து நீர்போல எழும்பி, காய்ந்ததும் அடங்குகின்றன. ஒரு வெட்டு தப்பினால் அத்தனை அழகும் பாழ். சன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. காலையிலிருந்து பட்டறையில் நின்ற மனைவிக்குக் கால்கள் கெஞ்சுகின்றன. "பெட்டி பண்ணலாம், இல்லன்னா கண்ணாடிக்குச் சட்டம். ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன். என்னைக் கட்டிக்கக்கூட இவ்வளவு யோசிக்கல நீங்க." "அப்ப யோசிக்காததுக்குத்தான் இப்ப யோசிக்கிறேன்." அவள் சிரிக்கிறாள். அவர் சிரிக்காமல் பென்சிலை அவளிடம் நீட்டுகிறார். "ரேகை எப்படி ஓடுதுன்னு நீயே வரைஞ்சு காட்டு." "ஏன், உங்களுக்கு என்ன?" அவர் விரல்கள் பலகையைத் தடவிக்கொண்டே இருக்கின்றன. "எனக்கு இது வெறும் பலகையாத்தான் தெரியுது. கண்ணு மங்கிப்போச்சு."