கத்திரி முடியட்டும்ணா

"கத்திரி முடியட்டும்ணா. வந்து சுத்தமா செஞ்சு குடுத்துடறேன்."

வெற்றிவேல் போனில் இதே பாட்டைப் பாடுவது ஐந்தாவது தடவை. கலியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், கத்திரி முடியறது இருபத்தெட்டு. எம் பொண்ணுக்கு வளைகாப்பு இருபத்தஞ்சு. வெள்ளிக்கிழமை பந்தக்காரன் வந்தா கால எங்கடா நடுவான், உன் தலையிலயா?"

"வெயிலு மண்டையப் பொளக்குதுணா. கவர்மெண்டே வெளிய வராதீங்கங்குது."

"அப்ப காலையில அஞ்சரைக்கு வா."

"காலையில ஹார்பர்ல லோடு இருக்குணா."

"சாயங்காலம்?"

"பாப்போம்ணா."

லைன் கட்டாகிவிட்டது. கலியபெருமாள் போனைக் கட்டில்மேல் விட்டெறிந்தார்.

உப்பளத்தில் இருக்கும் அவர் வீட்டுத் தோட்டம் காடாகக் கிடந்தது. இடுப்பளவு புல், காய்ந்த தென்னமட்டை, முறிந்து விழுந்த முருங்கை. சம்பந்தி வீட்டிலிருந்து மட்டும் ஐம்பது பேர் வருகிறார்கள். நாளைக்குச் சொல்லிக் காட்ட மாட்டார்களா?

"பாப்போமாம்! நேத்து சாயங்காலம் நானே பாத்தேன் அஞ்சலாட்சி. கிரவுண்டுல நின்னு பெத்தாங் ஆடறான் துரை. இரும்புக் குண்டத் தூக்கிப் போடற கைக்கு மம்பட்டி புடிக்க மட்டும் வலிக்குதா?"

அவர் மனைவி அஞ்சலாட்சி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா செத்தப்ப இவனுக்கு ஒம்போது வயசு. மில்லுல டபுள் ஷிப்ட் பாத்து வளத்தேன். இவன் வீட்டுக்கு வானம் தோண்டறப்ப நான் குழியில எறங்கி வெட்டல? இன்னிக்கி எனக்கு ஒரு காரியம்னா வெயிலாம் வெயிலு! போடா நீயுமாச்சு, உன் ஒத்தாசையுமாச்சு. நானே வெட்டிக்கிறேன்."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தார்.

"மம்பட்டி இல்லிங்க. போன வாரமே தம்பி வாங்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் அஞ்சலாட்சி.

"அடப்பாவி! அதையும் தூக்கிட்டுப் போயிட்டானா?"

"போன்ல கத்தினா அதுக்கு உறைக்காது. நாளைக்கு ஞாயித்துக்கெழமை. விடியக்காலமே நேர்ல போங்க. நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க. கேட்டுட்டுத்தான் வரணும்."

எப்போதும் கொழுந்தனுக்கு வக்காலத்து வாங்குகிறவள். அவளே இப்படிச் சொன்ன பிறகு கலியபெருமாளுக்கு வேறென்ன வேண்டும்? ராத்திரியே அந்த நாலு வார்த்தையையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் தேங்காய்த்திட்டில் தம்பி வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். வெற்றிவேலின் மனைவி அமுதவல்லி கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. இப்பதான் வெளிய போனாரு. வந்துடுவாரு, உக்காருங்க."

உட்கார்ந்தார். காப்பி வந்தது. இட்லி வந்தது. வெற்றிவேல் வரவில்லை. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

"எம் மம்பட்டி எங்கம்மா?"

"அவருதான் மாமா எடுத்துட்டுப் போயிருக்காரு. வேண்டியவங்க வீட்ல ஏதோ வேலைன்னாரு."

அவ்வளவுதான். கலியபெருமாள் எழுந்தே விட்டார்.

"எவனோ வீட்டுக்கு, எம் மம்பட்டியிலயே! அப்ப நான் வேண்டாதவனா? அங்க மட்டும் நெழலா அடிக்குது?"

"ஐயோ, சத்தம் போடாதீங்க மாமா. இருங்க, ரெண்டு தோசை ஊத்தறேன்."

"எனக்கு எதுவும் வேணாம்."

சொன்னாரே தவிர, அவனை நேரில் பார்த்துக் கேட்காமல் நகர மனசு வரவில்லை. மறுபடி உட்கார்ந்தார். ஏழாயிற்று. எட்டாயிற்று. எட்டரைக்கு மேல் அவரால் முடியவில்லை.

"அமுதா, நல்லா கேட்டுக்க. வளைகாப்புக்கு நீ வா. புள்ளைங்கள அழைச்சிக்கிட்டு வா. அவன் மட்டும் எம் வாசப்படி மிதிக்கக் கூடாது. எனக்குத் தம்பியே பொறக்கலன்னு நெனச்சிக்கிறேன்."

"மாமா, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க மாமா!" அவள் வாசல்வரை பின்னாலேயே ஓடி வந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழி முழுக்க வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தார். வீட்டோரச் சந்தில் வண்டியை நிறுத்தியபோது தோட்டத்துப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

ஒரு புல் இல்லை. மட்டையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி ஓரமாக அடுக்கியிருந்தது. நாலு பேர் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சட்டை முழுக்க மண்ணும் வேர்வையுமாக வெற்றிவேல் மடக்கு மடக்கென்று மோர் குடித்துக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி பக்கத்தில் நின்றாள்.

"இன்னிக்கி அவர வெளிய அனுப்பறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு தம்பி. வீட்டவிட்டு நகர்றாரா மனுஷன்! மூணு வாரமா அவரு வாயில விழுந்து நாறிட்டியே. அவருகிட்டச் சொல்லிட்டே செஞ்சிருக்கலாம் இல்ல?"

"சொன்னா கேக்கற ஆளா அண்ணி அது? நான் மம்பட்டியத் தொட்டாப் போதும். 'உனக்கு வராதுடா, தள்ளு'ன்னு புடுங்கிக்கிட்டு வெயில்ல எறங்கிடும். போன மே மாசம் இதே எடத்துல சுருண்டு விழுந்து, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஆறு நாளு கண்ணு தொறக்கல."

வெற்றிவேல் டம்ளரைக் கீழே வைத்தான்.

"திட்டிட்டுப் போவட்டும் அண்ணி. என்னைத் திட்டறதுக்கு அண்ணன்னு அது ஒண்ணுதான இருக்கு."