காலியாக இருந்த ஒரே சீட்டு

“குடிங்க ஷேக், காப்பி ஆறுது.”

“கேட்டு வந்ததைக் கொடுங்க அபூ ஃபவாஸ், குடிக்கிறோம்.”

“அப்போ ஆறட்டும்!”

வந்த பெரியவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனால், எங்கள் கரக் ஊரில் வீட்டுக்காரருக்கு அதைவிடத் தலைக்குனிவு கிடையாது. அதற்கும் துணிந்துவிட்டார் மனுஷன்.

நாங்கள் ஒன்பது பேர் போயிருந்தோம். முன்னால் ஷேக் துர்க்கி. கடைசியில், கதவோரமாக, வாத்தியார் ஸுபைர். அவர் மகள் லமீஸ் விமானத்தில் பணிப்பெண். அபூ ஃபவாஸ் எழுதிப் போட்ட புகாரால் அவளுக்கு வேலை போகப் போகிறது. நாளைக்குள் அவர் புகாரைத் திரும்ப வாங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

“அப்படி என்னதான் பண்ணிட்டா அந்தப் பொண்ணு?” என்றார் ஷேக்.

“என்ன பண்ணலைன்னு கேளுங்க! சிகாகோவுல மகன் வீட்டுலேர்ந்து வர்றோம். பன்னிரண்டு மணி நேரம். அது சீட்டா, கோழிக்கூண்டா? எனக்கு ஓரிடம், வீட்டுக்காரிக்கு எங்கேயோ பின்னால. என் முன்னால ஒரு தடியன். ஏறினதும் சீட்டைச் சாய்ச்சான் பாருங்க, அவன் வழுக்கை என் தாடைக்குக் கீழே வந்துடுச்சு. சோத்துத் தட்டை நெஞ்சு மேல வச்சுத் தின்னேன்!”

“நிமிரச் சொல்லலையா?”

“சொன்னேனே. ‘சாயறதுக்குத்தானே பெரியவரே செஞ்சு வச்சிருக்கான்’ங்கிறான். பின்னால ஒரு மனுஷன் இருக்கானேன்னு ஒரு நினைப்பு வேண்டாம்? முட்டி ரெண்டும் பூசணிக்காயா வீங்கிப்போச்சு.”

“அதுக்கு லமீஸ் என்ன பண்ணுவா?”

“கடைசி வரிசையில, கதவோரம், ஒரே ஒரு சீட்டு காலி. நல்லாக் காலை நீட்டலாம். அதைக் கொடுன்னு போய்க் கேட்டேன். ‘இப்பத்தான் இன்னொருத்தருக்குச் சொல்லிட்டேன் மாமா’ங்கிறா. யாருக்குன்னு கேட்டா வாயைத் திறக்கலை. வேண்டியவங்களுக்குக் கொடுத்திருப்பா. மாமாவாம் மாமா!”

வாத்தியார் மெல்லத் தலையை நிமிர்த்தினார். “என்கிட்டயும் சொல்லலை ஐயா. கம்பெனியில விசாரிச்சப்பவும் சொல்லலை. ‘வாக்குக் கொடுத்துட்டேன் வாப்பா’ன்னு அழுதுட்டு நிக்கிறா.”

“ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் பிரம்பால வளர்த்தீங்க வாத்தியாரே, உங்க பிள்ளையை மட்டும் விட்டுட்டீங்க!”

வாத்தியார் முகம் சுண்டிப்போனது.

“நாக்கை அடக்குங்க அபூ ஃபவாஸ்,” என்றார் ஷேக். “கம்பெனிதான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கே.”

“காகிதம்! அதை வச்சு என் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கவா? ஒருத்தருக்காவது வேலை போகணும். அப்பத்தான் எல்லாருக்கும் புத்தி வரும்.”

“இதுதான் முடிவா?”

“இதுதான்.”

ஷேக் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். கிண்ணங்கள் நிறைய நிறைய அப்படியே இருந்தன.

உள்கதவுத் திரை அசைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி உம்மு ஃபவாஸ் வந்து நின்றாள். ஆம்பிளைகள் கூடியிருக்கும் இடத்துக்கு அந்த அம்மா வந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டோம்.

“உட்காருங்க ஷேக். அந்தப் பிள்ளைகிட்ட வாக்கு வாங்கினது நான்தான்.”

“உனக்கென்ன இங்க வேலை? உள்ளே போ!” என்று சீறினார் அபூ ஃபவாஸ்.

“சொல்லிட்டுப் போறேன். அவ வேலைக்கே உலை வச்சிருக்கீங்கன்னு இப்பத்தான் என் காதுல விழுந்துச்சு. அந்தக் கடைசி சீட்டுல ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வந்தது நான். எனக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போச்சு. எழுந்திருக்க முடியாம அழுதுட்டிருந்தேன். அவதான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சா, காலைப் பிடிச்சு விட்டா. இறங்குற நேரத்துக்குத் திரும்பக் கொண்டாந்து விட்டா. ‘அவருக்குத் தெரிய வேண்டாம்மா, மனசு நொந்துடுவாரு’ன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

“நான் ஏன் நோகணும்? உனக்கு முன்னாலயும் ஒருத்தன் சாய்ச்சுட்டானா?” அபூ ஃபவாஸ் துள்ளி எழுந்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே அவன் கழுத்தைப் பிடிச்சு நிமிர்த்தியிருப்பேனே! யாருடி அந்த மிருகம்?”

அந்த அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“நீங்கதான்.”